ஆனைக்குளத்தில் மூழ்கிய ஜப்பான் கார்

ஒரு வீட்டில் யாருக்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்துகொள்ள ரொம்பச் சிரமப்பட வேண்டாம். டிவி ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். எங்கள் வீட்டில் அது சோபாவில் கிடக்கும், சாப்பாட்டு மேசையில் கிடக்கும், ஒருமுறை அரிசி டப்பாவுக்குள்கூடக் கிடந்தது. என் கையில் மட்டும் இருக்காது. நான் கை நீட்டினால் என் வீட்டுக்காரர், "அவ கையில குடுக்காதீங்க, குளத்துல எறக்கிடுவா" என்பார். மருமகள் முதற்கொண்டு எல்லோரும் சிரிப்பார்கள். புதிதாக வந்த விருந்தாளி யாராவது "என்ன குளம்?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தது, கதை ஆரம்பமாகிவிடும்.

ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கதையில் வருகிற முட்டாள் நான்தான். அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது, நான் முட்டாளாகத்தான் இருந்தேன். ஆனால் எந்த விஷயத்தில் முட்டாள் என்பதையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா? அதனால் இந்தத் தடவை நானே சொல்லிவிடுகிறேன். குறுக்கே பேச இங்கே யாரும் இல்லை.

என் நைனா செஞ்சி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். போர்டில் 'சேவியர் ரேடியோ ஒர்க்ஸ்' என்று என் அண்ணன் பெயர்தான் இருக்கும். (சேவியர் அண்ணன் திருப்புளியைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தாலே அன்றைக்கு நல்ல நாள்.) கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டோடு இருந்த நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். வயசுப் பெண் கடை முன்னால் உட்காரக் கூடாதாம், பின்னால் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்தால் தப்பில்லையாம். அண்ணன் முன்னால் ரேடியோவை வாங்கி வைப்பான். நான் பின்னால் அதைப் பேச வைப்பேன். அண்ணன் அதை எடுத்துப் போய்க் கொடுத்து, பாராட்டையும் வாங்கிக்கொள்வான். தாலுகா முழுக்க அவனுக்கு நல்ல பெயர்.

சைகோனில் வேலையாக இருந்த எங்கள் தாய்மாமா ஒருமுறை லீவில் வந்தபோது அண்ணனுக்கு ஒரு கார் கொண்டுவந்தார். ஜப்பானில் செய்த தகரக் கார், முழங்கை நீளம் இருக்கும். கம்பி கிடையாது. தனியாக ஒரு பெட்டி, அதில் ஓர் ஏரியல், ஒரே ஒரு பொத்தான். காரின் வயிற்றில் இருக்கிற ஸ்விட்சைப் போட்டால் அது பாட்டுக்கு ஓடும், நிற்காது. பெட்டி அதைத் திருப்புவதற்கு மட்டும்தான். பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் இடது பக்கம் திரும்பும், அடுத்த தட்டுக்கு நேராகும், அதற்கடுத்த தட்டுக்கு வலது, அப்புறம் மறுபடி நேர். இப்போது எந்தத் தட்டில் இருக்கிறோம் என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஜெபமாலை மணி உருட்டுகிற மாதிரிதான், கவனம் தப்பினால் எங்கே விட்டோம் என்று தெரியாது.

அண்ணன் அதை ஒரே வாரத்தில் உடைத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தானாம். நான் எடுத்துச் சரி செய்தேன். சரி செய்ததோடு விட்டேனா? அதுதான் இல்லை. ஜப்பான்காரன் கட்டிய மோட்டார் போதாது என்று கம்பிச் சுருளைப் பிரித்து வேறு கம்பியில் சுற்றினேன். பழைய மேசைக் கடிகாரத்தின் பல்சக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். சக்கரம் வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனால் ஒட்டினேன். கனம் குறையட்டும் என்று தகரக் கத்திரியால் காரின் கூரையையே வெட்டி எடுத்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடி இது, தலையில்லாத முண்டமாட்டம்" என்றாள். முண்டம்தான். ஆனால் கடைச் சந்தில் விட்டால் கோழி பறக்கும்.

ஒரே ஒரு தொல்லை. நான் பொத்தானைத் தட்டும்போதெல்லாம் பக்கத்து டீக்கடை ரேடியோ கரகரவென்று இரையும். எதிரே ஜவுளிக்கடை ரேடியோவும் இரையும். எங்கள் கடையில் இருக்கிற அத்தனையும் இரையும். சினிமாப் பாட்டு பாதியில் அறுந்துபோன டீக்கடைக்காரர் வானத்தைப் பார்த்துத் திட்டுவார். இதை நீங்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. என் முட்டாள்தனம் முழுக்க இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் மாதா கோயில் உபதேசியார் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். பையன் ஆபீசில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு குறை என்று உபதேசியார் குரலைத் தாழ்த்தினார். இதே மாதிரி ஜப்பான் கார் ஒன்று வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிநேகிதர்களோடு பள்ளிக்கூட மைதானத்தில் ரேஸ் விடப் போய்விடுவாராம். கல்யாண வயசில் பிள்ளை பொம்மைக் காரின் பின்னால் ஓடுகிறான் என்று அந்த அம்மா அழுகிறார்களாம்.

உபதேசியார் குறையென்று சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் பிரித்துப் போட்ட மோட்டார், அவர் கம்பியைப் பிடிக்க நான் ஈயம் வைக்க... (ஐயோ, இதை எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.) என்னைப் பெண் பார்க்க வருகிறவன் அழகாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தக் காரை நான்தான் செய்தேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேண்டிக்கொண்டேன்.

நைனாவுக்கு வேறு திட்டம். அவர் முன்கூட்டியே என்னைக் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார்.

"காரு சேவியரு செஞ்சது. இன்னா, புரிஞ்சுதா? ஒரு பொண்ணு மோட்டரு சுத்துறான்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? வெரல்ல சூடு பட்ட தழும்பு தெரியாம முந்தானைய இழுத்து மூடிக்க."

மூடிக்கொண்டேன். ஆனால் வாய்ப்புக் கிடைத்தால் அவர் காதில் மட்டும் சொல்லிவிடுவது என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர்கள் ஒரு வாடகைக் காரில் வந்தார்கள். மாப்பிள்ளை இறங்கும்போது ஒரு கையில் வெற்றிலைத் தட்டு, இன்னொரு கையில் சிவப்புக் கார். அவர் அம்மாவின் முகம் அந்தக் காரைப் பார்க்காத பக்கமாகத் திரும்பியிருந்தது. கேசரி ஆயிற்று, பஜ்ஜி ஆயிற்று, நான் காபி கொடுத்தாயிற்று. என்னை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அலமாரி மேலே இருந்த கூரையில்லாத காரை நன்றாகப் பார்த்தார். நைனா அதற்காகத்தான் அதை அங்கே வைத்திருந்தார்.

செஞ்சிக்கு வந்த விருந்தாளியைக் கோட்டைக்குக் கூட்டிப் போகாமல் அனுப்பினால் ஊரில் மதிக்க மாட்டார்கள். எல்லோரும் புறப்பட்டோம். மாப்பிள்ளை தன் காரை எடுத்துக்கொண்டார், அண்ணன் என் காரை எடுத்துக்கொண்டான். கல்யாண மகால் பக்கம் வந்ததும் அந்த அகலமான கல் தளத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் கண் விரிந்தது. மலையைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்க்கவில்லை. இங்கே விட்டால் எப்படி ஓடும் என்றார். அதே நினைப்புதான் எனக்கும். அப்போதே மனசுக்குள் அவரைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் தன் காரை மட்டும் விட்டுக் காட்டினார். சுமாராகப் போயிற்று. அடுத்தது அண்ணன் முறை. அண்ணன் பொத்தானைச் சுண்டலில் கல் பொறுக்குகிற மாதிரி நிதானமாகத் தட்டினான். என் கார் செக்கு மாடு போல ஒரே இடத்தில் சுற்றியது. மாப்பிள்ளை சிரித்தார். அதுகூடப் பரவாயில்லை. "வண்டி வேகம்தான், ஆனா சொன்ன பக்கம் திரும்பாது போல. செஞ்சவங்களுக்கு ஸ்டியரிங் தெரியல" என்றார்.

செய்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம், குனிந்த தலை எல்லாம் மறந்துவிட்டது. அண்ணன் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினேன். இரண்டு தூணுக்கு நடுவே விட்டு, ஒரு வட்டம் அடித்து, திரும்பக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் செருப்பை உரசிப் போகிற மாதிரி விட்டேன். நைனா கண்ணை மூடிக்கொண்டார். மதில் மேல் உட்கார்ந்திருந்த குரங்குகூட ஒரு நிமிஷம் பேன் பார்ப்பதை நிறுத்தியது.

மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்துபோயிற்று. அது பொய்யில்லை, நான் பார்த்தேன். இப்போதும் அந்த முகம் எனக்கு நினைவிருக்கிறது, அதற்கப்புறம் என்னைப் பார்த்து அப்படி மலரவே இல்லை. யார் செய்தது இந்த வண்டி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா, "நம்ம சேவியருதான் தம்பி" என்றார். சரி, ஒரு ரேஸ் விடலாம், உங்க தங்கச்சியே ஓட்டட்டும் என்று மாப்பிள்ளை அண்ணனிடம் சொன்னார். ஜெயித்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். ஜெயித்தவள் சொன்னால் நம்புவார்கள் என்று அந்த வயசில் ஒரு நினைப்பு.

தளத்தின் இந்தக் கோடியிலிருந்து புறப்பட்டு, உடைந்து நிற்கிற தூணைச் சுற்றித் திரும்ப வேண்டும். இடது பக்கம் ஆனைக்குளத்துப் படிக்கட்டு. இரண்டு காரையும் ஒன்றாக விட்டார்கள். நான்கு முழம் போவதற்குள் என் கார் முன்னால் போய்விட்டது. தூண் வந்தது. இடது பக்கம் திருப்ப ஒரு தட்டுத் தட்டினேன். என் கார் அழகாகத் திரும்பியது. பின்னால் வந்துகொண்டிருந்த அவர் காரும் அதே சமயம் திரும்பியது. தூணே இல்லாத இடத்தில் திரும்பியது.

அவர் திகைத்துப் போய்த் தன் பெட்டியைத் தட்டினார். என் கார் நேராகிவிட்டது. நான் தட்டினேன், இரண்டும் வலது பக்கம். அவர் தட்டினார், இரண்டும் நேர். இரண்டு காரும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒன்றாக முழங்கால் போட்டு ஒன்றாக எழுந்திருக்கிற ஜனங்கள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

எனக்கு அப்போதுதான் டீக்கடை ரேடியோ ஞாபகம் வந்தது. தெருவில் இருக்கிற அத்தனை ரேடியோவையும் இரைய வைக்கிற பெட்டி, பக்கத்தில் ஓடுகிற காரை மட்டும் சும்மா விட்டுவிடுமா? அந்தப் பெட்டிக்கு உன் கார், என் கார் என்று தெரியாது. யார் தட்டினாலும் இரண்டுக்கும் கேட்கும். பாண்டிச்சேரியில் இவர்கள் ஒவ்வொன்றாக விட்டு, கடிகாரம் பார்த்து ஜெயித்தவர் யார் என்று சொல்வார்களாம். சேர்த்து விட்டதே இல்லையாம். ரேடியோவோடு வளர்ந்த எனக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கனகாம்பரம் மூளையை அடைத்திருந்தது.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். அவர் கார் அப்போது நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் எதிர்ச் சுவரில் முட்டி நின்றிருக்கும்.

"தட்டாதீங்க. எந்தப் பெட்டியத் தட்டுனாலும் ரெண்டு காருக்கும் கேக்குது. பெட்டியக் கீழ வைங்க, தட்டாதீங்க" என்று கத்தினேன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளைக்கு உத்தரவு போட்டால் எந்த மாப்பிள்ளை கேட்பார்? அவர் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணன் பக்கம் திரும்பி, "தங்கச்சிய சும்மா இருக்கச் சொல்லுங்க, எனக்கு ஓட்டத் தெரியும்" என்றார். வலது பக்கம் திருப்புவதாக நினைத்து ஒரு தட்டுத் தட்டினார். நடுவில் நான் தட்டியதெல்லாம் அவர் கணக்கில் இல்லையே, அடுத்தது இடது. சிவப்புக் கார் இடது பக்கம் திரும்பி, படிக்கட்டில் டக் டக்கென்று மரியாதையாக ஒவ்வொரு படியாக இறங்கி, ஆனைக்குளத்துக்குள் போயிற்று. கொஞ்ச நேரம் பாசிக்கு நடுவில் குமிழி வந்தது.

என் காரும் அதே தட்டுக்குத் திரும்பி அவருடைய அம்மாவின் காலில் முட்டி நின்று, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை பேண்ட்டை மடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். நான் படிக்கட்டின் மேலே நின்று, ஏன் அப்படி ஆயிற்று என்று நைனாவுக்கு விளக்கினேன், அண்ணனுக்கு விளக்கினேன், உபதேசியாருக்கு விளக்கினேன். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு, "வாய மூடு" என்றார். அண்ணன் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை பாசி வழியக் காரைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தபோது அவருக்கும் விளக்கினேன். உங்கள் கடைசித் தட்டுதான் இறக்கிவிட்டது, நான் அப்போது பெட்டியையே தொடவில்லை என்றேன். அவர் காரைத் திருப்பித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தார்.

அவர் அம்மா மட்டும்தான் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பக்கத்தில் வந்து, மெதுவாக, "அது இனிமே ஓடுமா?" என்றார்கள்.

"ஓடாதுங்க. உள்ள தண்ணி பூந்துடுச்சி. சுருளெல்லாம் போச்சி."

அந்த அம்மா நிமிர்ந்தார்கள். முந்தானையைச் சரி செய்துகொண்டு நைனாவிடம் போய், "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க" என்றார்கள்.

இப்படித்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாமியாருக்கு என் மேல் இருந்த ஆசை முழுவதும் நான் அந்தக் காரை மூழ்கடித்தேன் என்பதில்தான் இருந்தது. பாவம், அந்தச் சந்தோஷமும் அவர்களுக்குக் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. வரன் கைவிட்டுப் போகாத மகிழ்ச்சியில் நைனா என் காரையும் பெட்டியையும் எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டார். "இத வெச்சிக்குங்க மாப்ள, சேவியரு வேற செஞ்சிக்குவான்" என்றார். மாமியாரின் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை காரைத் திருப்பி வயிற்றுப் பக்கம் பார்த்தார். நான் சுற்றிய சுருளை விரலால் தடவினார். "கைவேலைன்னா இது. மச்சான், பெரிய ஆளுதான் நீங்க" என்றார். அண்ணன், ஏதோ நம்மால் ஆனது என்றான். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, மாத்திரை சாப்பிட்டால் தீராத எரிச்சல்.

கல்யாணமான வாரத்தில் அவரிடம் சொன்னேன், அந்தக் காரைச் செய்தது நான் என்று. உங்கண்ணன் பேரைக் கெடுக்காதே என்று சிரித்தார். விரலில் இருந்த தழும்பைக் காட்டினேன். தோசைக்கல் சுட்டதா என்று கேட்டார். மாமியார் காதில் விழுந்து, வீட்டில் இருந்த ஒரே திருப்புளியையும் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை தோறும் மைதானத்துக்குப் போயிற்று, ஜெயித்தது. சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்து அதைப் புகழ்ந்தபோது நான் சமையலறையில் அவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன். முதலில் இவர், மச்சான் செய்தது என்றார். ஒரு வருஷம் போனதும் மச்சானும் நானும் செய்தது என்றார். அப்புறம் மச்சான் கழன்றுகொண்டார்.

ஒருமுறை மோட்டார் கருகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போய் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தார். நான் அப்போது தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் போயிருந்தேன். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தேன். வாங்கிப் போக வந்தவர், "மச்சான் கை மச்சான் கைதான்" என்றார். (அந்தக் கார் கடைசியில் துருப்பிடித்து, பேரீச்சம்பழத்துக்குப் போயிற்று. அதுவும் என்னைக் கேட்டுப் போகவில்லை.)

போன வருஷம் துபாயிலிருந்து வந்த என் மகன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக ஒரே மாதிரி இரண்டு ரிமோட் கார் வாங்கி வந்தான். கூடத்தில் விட்டார்கள். ஒருவன் அமுக்கினால் இரண்டு காரும் ஓடின. இன்னொருவன் திருப்பினால் இரண்டும் திரும்பின. பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து குனிந்து பார்த்து, ஏன் இப்படிப் போகிறது என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே ஃப்ரீக்வென்சிப்பா. ஒரு ரிமோட்டுக்கே ரெண்டும் கேக்கும். மாத்தி வாங்கியிருக்கணும்" என்றான் மகன்.

கார்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றேன். கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

நான் குனிந்து இரண்டு காரின் ஸ்விட்சையும் அணைத்தேன்.

இப்போது கதை கொஞ்சம் மாறியிருக்கிறது. குளம் வரைக்கும் பழைய கதைதான். முடிவில் குரலைத் தாழ்த்தி, "இவ மேலயும் தப்பில்லீங்க. ரெண்டும் ஒரே ஃப்ரீக்வென்சி. அந்தக் காலத்துல பொம்பளைக்கு இதெல்லாம் எப்டித் தெரியும், பாவம்" என்று என்னை மன்னித்துவிடுகிறார். விருந்தாளிகள் அவருடைய பெருந்தன்மையைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறார்கள். அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார். நான் காபி கலக்க எழுந்து போகிறேன்.